செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை: சிறிய டீசல் டிராக்டர்

ஏர்முனை

வணக்கம். என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர் சிறிய டிராக்டர். டீசலை அழுத்தி நாசில்களுக்கு அனுப்புவது இன்லைன் பம்ப். டர்போ கிடையாது, எலக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் கிடையாது. ஐந்து மாதம் ஷெட்டில் சும்மா நின்றது. நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிதான். இப்போது சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

பேட்டரி புதிது. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது. டீசல் ஃபில்டரை மாற்றினேன். கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, அதற்கும் புது ரப்பர் ரிங் போட்டேன். அப்படியும் ஒன்றும் மாறவில்லை. அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி டெஸ்டுக்குக் கொடுப்பதா, பம்பையே இறக்கிவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உழவு வேலை நெருங்குகிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

குழாய்ச்சாவி

நண்பரே, நாசிலையும் பம்பையும் இப்போதைக்கு விடுங்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி: செல்ஃப் சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா?

வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் சைலன்சர் வாயையே பார்த்துக்கொண்டிருங்கள். வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் இல்லை. அப்போது தேட வேண்டியது சூடு, கம்ப்ரஷன் (காற்று அழுத்தப்படுவது), டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்). புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. அப்போது கம்ப்ரஷனைப் பற்றி யோசிப்பது வீண். இரண்டும் வேறு வேறு பாதை. இதைப் பார்க்காமல் பாகங்களை மாற்றத் தொடங்கினால் நல்ல பாகங்களைத்தான் மாற்றிக்கொண்டிருப்போம்.

டேங்க் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பானெட்டுக்குள் மேலேயா, சீட்டுக்கு அடியிலா? அப்புறம், செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு அடுத்த தடவை அடியுங்கள். இன்ஜினோடு சேர்ந்து செல்ஃபும் போய்விட்டால் இரட்டைச் செலவு.

வரப்பு

பேட்டரி புதிது என்பதால் மட்டும் அதைத் தாண்டிப் போக வேண்டாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அதன் கொள்ளளவில் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று சுருக்கி அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும், காற்றும் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்துவிடும். அதனால் சுற்றுவது மட்டும் போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும்.

மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கத்தில் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போதவில்லை. அங்கே வோல்ட் சரியாக இருந்தும் சுற்று மந்தமாக இருந்தால் எர்த் கேபிள் சேஸிஸில் முடுக்கியிருக்கும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். அங்கே பெயிண்ட்டும் துருவும் அடைந்திருக்கும்.

ஏர்முனை

பார்த்துவிட்டேன். பேட்டரி 12.6, செல்ஃப் அடிக்கும்போது 10.7. சுற்று நல்ல வேகம். ஏர் கிளீனரைக் கழற்றியும் அடித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. சைலன்சரில் புகை சுத்தமாக இல்லை, ஒரு இழைகூட இல்லை. டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் அதைவிட மேலே, இன்ஜின் பக்கத்தில்.

நிழல்மரம்

ஏர் கிளீனர் வாயில் கொஞ்சம் ஈதர் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். என் பழைய வண்டி அப்படித்தான் பிடிக்கும். இல்லையென்றால் இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து, கியரில் போட்டு கிளட்சை விடுங்கள்.

குழாய்ச்சாவி

நிழல்மரம், உதவும் எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் இரண்டும் வேண்டாம். ஈதர் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே அது வெடித்தால் அடி பிஸ்டனுக்கும் ரிங்குக்கும்தான். ஹீட்டர் பிளக்கோ, காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ உள்ள இன்ஜினில் அடித்தால் மேனிஃபோல்டிலேயே தீப்பிடிக்கும். அடிப்பவர் முகம் அதற்கு எதிரேதான் இருக்கும். கட்டி இழுப்பதும் ஆபத்து. அதோடு, டீசலே போகாத இன்ஜினை எவ்வளவு தூரம் இழுத்தாலும் பிடிக்காது.

ஏர்முனை, உங்கள் பாதை தெளிவாகிவிட்டது. புகை இல்லை, அதனால் டீசல் எங்கே நிற்கிறது என்று டேங்கிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும். நடுவில் குதிக்கக் கூடாது.

டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மூடியில் காற்று போகும் சின்ன ஓட்டை உண்டு. சும்மா நிற்கும் வண்டியில் குளவி அதில் மண் வைத்து அடைத்துவிடும். காற்று உள்ளே போகாவிட்டால் டீசல் வெளியே வராது. அடுத்து ஃபீட் பம்பில் இருக்கும் கைப்பம்பின் குமிழைத் திருகி விடுவித்து, ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பம்ப் அடியுங்கள். முதலில் வெறும் காற்று, அப்புறம் நுரை, கடைசியில் குமிழில்லாத டீசல் வரும். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூட வேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு மூடினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். பிறகு இன்ஜெக்ஷன் பம்பின் உடம்பில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவிலும் இதே வேலை. லைனில் நிற்கும் காற்றை இப்படி வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்.

அதுவும் சுத்தமாக வந்த பிறகுதான் நாசில் பக்கம். மூன்று நாசில்களிலும் டீசல் குழாய் சேரும் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் டீசல் துடித்துத் துடித்து வர வேண்டும்.

இந்த இடத்தில் விரலை நட்டு பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். நாசில் திறக்கும் அழுத்தம் இந்த மாதிரி இன்ஜினில் 200 பார் அளவுக்கு இருக்கும். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் முள் குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். டீசல் உள்ளே பாய்ந்தது என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும், பார்த்தால் அவருக்கும் சின்னக் காயமாகத்தான் தெரியும். பழந்துணியால் நட்டை மூடிவிட்டு எட்ட நின்று பாருங்கள்.

தனிச்சிலிண்டர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதே மாதிரிதான். கையால் சுற்றும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின், பவர் டில்லரில் இருப்பது. டேங்க் காலியாகும் வரை ஓட்டிவிட்டேன். டீசல் ஊற்றிய பிறகு எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது.

குழாய்ச்சாவி

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து பிடித்து, சுற்றுவதை லேசாக்குவது) தூக்கிவிட்டு மெதுவாகச் சுற்றும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். நாசில் டீசல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ‘கிர்க்’ என்று ஒரு சத்தம் வரும். காய்ந்த கதவுக் கீல் போல. அந்தச் சத்தம் வராத வரை லீவரை இறக்காதீர்கள், பலத்தை வீணாக்க வேண்டாம். டேங்க் காலியானதால் லைனில் காற்று நிற்கிறது. பம்புக்கு வரும் இணைப்பைத் தளர்த்தி டீசலை ஒழுகவிட்டு மூடுங்கள், பிறகு நாசில் நட்டைத் தளர்த்திச் சுற்றுங்கள். நட்டில் டீசல் வந்ததும் முடுக்கிவிட்டுச் சுற்றினால் சத்தம் வரும். அப்புறம் வேகம் எடுத்து லீவரை இறக்கினால் போதும்.

கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களின் பக்கமே இருக்கட்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், இன்ஜின் பின்னுக்கு உதைக்கும்போது கட்டைவிரல் எலும்பு முறியும்.

தனிச்சிலிண்டர்

சத்தம் இல்லவே இல்லை, நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். நட்டைத் தளர்த்திச் சுற்றினேன், இருபது சுற்றில் டீசல் வந்தது, கிர்க் கிர்க் என்று தெளிவாகக் கேட்டது. லீவரை இறக்கியதும் பிடித்துக்கொண்டது. நன்றி அண்ணா. இத்தனை வருடம் ஓட்டுகிறேன், இந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

ஏர்முனை

மதியம் முழுக்க இதே வேலையாக இருந்தேன். டேங்க் மூடியில் அடைப்பு இல்லை. ஃபில்டர் ஸ்க்ரூவில் வெகுநேரம் நுரை வந்தது, கடைசியில் பெரும்பாலும் சுத்தமாக வந்தது, எப்போதாவது ஒரு பொடிக் குமிழ். பம்ப் ஸ்க்ரூவிலும் டீசல் நன்றாக வந்தது. ஆனால் மூன்று நாசில் நட்டிலும் ஒரு சொட்டுகூட இல்லை! ஆறு தடவை, பத்துப் பத்து வினாடி அடித்துப் பார்த்தாயிற்று. கடைசியில் பம்ப்தான் போய்விட்டதா?

வரப்பு

பம்ப் வரைக்கும் டீசல் வந்து, அதற்கு மேல் மூன்றிலும் இல்லை என்றால், மூன்று எலிமென்டும் (ஒவ்வொரு நாசிலுக்கும் டீசலை அழுத்தி அனுப்பும் பிளஞ்சரும் அதன் உறையும்) ஒரே நேரத்தில் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றுக்கும் பொதுவானது எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

குழாய்ச்சாவி

வரப்பு சொல்வது மிகச் சரி. மூன்றுக்கும் பொதுவானது ராக். பம்புக்குள் குறுக்கே ஓடும் பல் வைத்த கம்பி அது. முன்னே போனால் டீசல் கூடும், பின்னே வந்தால் குறையும், கடைசி வரை வந்தால் டீசல் முழுதாக நிற்கும். நீங்கள் இன்ஜினை நிறுத்த டாஷ்போர்டில் ஒரு குமிழை இழுப்பீர்களே, அது ராக்கைக் கடைசி வரை இழுத்து நிறுத்துகிறது. ஐந்து மாதம் முன்பு இழுத்தது இன்னும் அங்கேயே நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குமிழ் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தால் போதாது. பானெட்டைத் திறந்து, கேபிள் பம்பில் போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன லீவரைப் பாருங்கள். ஒருவர் குமிழை இழுத்துத் தள்ளட்டும், லீவர் இரண்டு பக்கமும் முழுக்க அசைகிறதா? அசையாவிட்டால் கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் ஓட்டும் பக்கம் தள்ளிப் பாருங்கள். சுலபமாக வந்தால் கேபிள்தான் குற்றவாளி. லீவர் வந்தும் டீசல் வராவிட்டால், நின்ற டீசல் பிசினாகி உள்ளே ராக் ஒட்டியிருக்கலாம். சுத்தியலால் தட்டுவதோ, இடுக்கியால் முறுக்குவதோ வேண்டாம். பக்கவாட்டு மூடியைத் திறந்து, கொஞ்சம் டீசல் தெளித்து ஊறவிட்டு, விரலால் மெல்ல நகர்த்தினாலே பெரும்பாலும் விடும்.

எலிமென்டை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். 1897இல் ரூடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் எண்ணெயை அழுத்தக் காற்றால் ஊதித்தான் சிலிண்டருக்குள் அனுப்பினார்கள், அதற்கென்று ஒரு கம்ப்ரஸரே தேவைப்பட்டது. போஷ் நிறுவனம் 1927இல் இன்ஜெக்ஷன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் இன்ஜின் லாரிகளிலும் டிராக்டர்களிலும் பரவலானது. அந்த நுணுக்கமான பாகத்தை ஷெட்டில் மண் தரையில் வைத்துப் பிரிப்பதை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது.

ஏர்முனை

அண்ணா, கண்டுபிடித்துவிட்டேன்! என் பையனை சீட்டில் உட்காரவைத்து குமிழை இழுத்துத் தள்ளச் சொன்னேன். லீவர் அசையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், கேபிளின் உறையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிளிப்பின் ஸ்க்ரூ தளர்ந்து, உறை கிளிப்பிலிருந்து நழுவியிருக்கிறது. குமிழைத் தள்ளினால் உள்கம்பிக்குப் பதில் உறை முழுவதும் வில் போல வளைந்து நகர்கிறது. மேலே பார்ப்பவருக்குக் குமிழ் ஒழுங்காக உள்ளே போயிருக்கும். லீவரின் சின்ன ஸ்ப்ரிங்கிலும் துரு, தானாகத் திரும்பும் பலம் அதற்கு இல்லை.

கேபிளைக் கழற்றிவிட்டு லீவரை விரலால் தள்ளினேன், வந்தது. செல்ஃப் அடித்தோம், நாலாவது வினாடியில் மூன்று நட்டிலும் துணி நனைந்தது. நட்டுகளை முடுக்கி மறுபடி அடித்தபோது முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் இரண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து என் மனைவியே வெளியே வந்துவிட்டார்.

ஏர்முனை

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. கால் மணி நேரம் ஓடியது. பிறகு ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தானாக நின்றுவிட்டது. மறுபடி ஏர் எடுத்தால் பிடிக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்ப நிற்கிறது. லீவரைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன், அது நகரவில்லை.

குழாய்ச்சாவி

நீங்கள் ‘எப்போதாவது ஒரு பொடிக் குமிழ்’ என்று எழுதியபோதே எனக்கு உறுத்தியது, கேட்காமல் விட்டது என் தவறு. எங்கேயோ காற்று உள்ளே இழுக்கிறது.

டேங்க் எங்கே என்று முதலிலேயே கேட்டது இதற்காகத்தான். டேங்க் மேலே இருக்கும் வண்டியில் லைனில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணால் பார்த்துவிடலாம். உங்கள் டேங்க் கீழே இருக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தத் தூரத்தில் கசிவு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு இவ்வளவு ஆட்டம் காட்டுகிறது.

ஃபீட் பம்புக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற டீசல் குழாயைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழ் ஓடுவது தெரிந்தால், ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்திப் போட்டுப் பாருங்கள். குமிழ் எந்த இடத்துக்கு முன்னால் மறைகிறதோ, அந்த இடத்தில்தான் ஓட்டை.

நிழல்மரம்

நீங்களே கழற்றிப் போட்ட இடத்தை முதலில் பாருங்கள் நண்பரே. கண்ணாடிக் கிண்ணத்தின் பழைய ரப்பர் ரிங் கையோடு வந்ததா, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு தடவை அது மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

ஏர்முனை

நிழல்மரம், உங்களுக்குக் கோடி நன்றி. உள்ளே தெரிகிற குழாயைக் கிண்ணத்துக்கு அந்தப் பக்கம், டேங்க் பக்கம், போட்டபோது சுத்தமான டீசல், இந்தப் பக்கம், பம்ப் பக்கம், போட்டபோது பாசிமணி கோத்தாற்போல் குமிழ் வரிசை. கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மேல்தலையின் பள்ளத்தில் பழைய ரிங் அப்படியே இருக்கிறது, கறுப்பாகி, கல் போல் இறுகி, அதுவும் தலையின் ஒரு பாகம் போலவே. நான் போட்ட புது ரிங் அதன்மேல் உட்கார்ந்து ஒரு ஓரம் பிதுங்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் போட்டால் பள்ளத்தில் கீறல் விழும் என்று மூங்கில் குச்சியைச் சீவி நெம்பினேன். இரண்டு துண்டாக உடைந்து வந்தது.

பிதுங்கிய ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு புது ரிங்கை டீசலில் நனைத்துப் போட்டு, கையால் முடுக்கி, ஏர் எடுத்தேன். இரண்டே முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. வண்டி முதலில் பிடிக்காததற்குக் காரணம் கேபிள், அதற்குமேல் நான் வைத்த கோளாறு இந்த ரிங்.

புதுக்கலப்பை

முழு இழையையும் படித்தேன். என் வண்டியில் நேர்மாறு. காலையில் குளிரில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறது, கண் எரிகிறது, பிடிக்க ஐந்து நிமிடம் ஆகிறது. பிடித்துச் சூடாகிவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜின்.

வரப்பு

அப்படியானால் முதலில் ஹீட்டர் பிளக்குகளைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மாதிரி இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் அடிக்காது, பக்கத்தில் ஒரு சின்ன அறையில் அடிக்கும். அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் காற்றின் சூட்டைக் குடித்துவிடும், அதனால்தான் பிளக்கின் துணை தேவைப்படுகிறது. ஒவ்வொரு பிளக்கின் வயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை பிளக் தலையிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வையுங்கள். நல்ல பிளக் ஒன்றிரண்டு ஓம்ஸ் காட்டும், செத்த பிளக் ஒன்றுமே காட்டாது. எல்லாம் நல்லதாக இருந்தால், சாவியை ஹீட் நிலையில் வைத்து பிளக் வரை 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். ரிலே போயிருந்தாலும் இதே அறிகுறிதான்.

குழாய்ச்சாவி

அதோடு வால்வு கேப்பையும் (வால்வு மூடியிருக்கும்போது அதன் தலையில் இருக்க வேண்டிய சின்ன இடைவெளி) ஒரு தடவை அளந்துவிடுங்கள். கேப் இல்லாமல் இறுகிய வால்வு முழுசாக மூடாது, காலையில் கம்ப்ரஷன் குறையும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜோடு வேலை அரை மணி நேரம்தான். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், அடுத்தவர் வண்டி அளவை வைக்காதீர்கள்.

புதுக்கலப்பை

மூன்றில் இரண்டு பிளக் செத்திருந்தது. மாற்றிவிட்டேன். இன்று காலை பதினைந்து வினாடி ஹீட் கொடுத்தேன், ஒரே தடவையில் பிடித்தது. வால்வை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

வரப்பு

ஏர்முனை, அந்த ஸ்டாப் கேபிளை என்ன செய்தீர்கள்? இன்னும் கம்பியால்தான் கட்டியிருக்கிறீர்களா? அப்படியே விடாதீர்கள், அவசரத்துக்கு இன்ஜினை நிறுத்த முடியாமல் போகும்.

ஏர்முனை

அன்றைக்கே கம்பியை எடுத்துவிட்டேன் அண்ணா. கேபிளைப் புதிதாகவே போட்டேன், லீவருக்கும் புது ஸ்ப்ரிங். கிளிப்பின் ஸ்க்ரூவுக்கு ஸ்ப்ரிங் வாஷர் வைத்து முடுக்கி, உறை கிளிப்புக்குள் நுழையும் இடத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். உறை நழுவினால் கோடு கிளிப்பைவிட்டுத் தள்ளி நிற்கும், பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும். இன்று காலை அரைச் சுற்றில் பிடித்தது, உழவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.